பாலியல் தொழிலுக்கு விதி வகுப்பது எப்படி: நியூசிலாந்துச் சட்டத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பாலியல் தொழிலை அனுமதிக்கலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. அனுமதிப்பது என்று ஓர் அரசு முடிவெடுத்துவிட்டால் அதற்கான விதிகளை எப்படி எழுதுவது என்பதை, சட்ட மாணவர்களுக்கும் வரைவுகளின் மீது கருத்து மனு அனுப்புவோருக்கும் உதவும் வகையில் இது சொல்கிறது. நியூசிலாந்து 2003-இல் இயற்றிய சட்டத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். நாடாளுமன்றத்தில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்க, 60-க்கு 59 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்த அந்தச் சட்டம், அளவில் சிறியது. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் யார்மீது சுமையை ஏற்றுகிறோம் என்று யோசித்து எழுதப்பட்டது.

பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வியை முடிவுசெய்துகொள்ளுங்கள்: அரசின் பதிவேட்டில் யாருடைய பெயர் ஏறப்போகிறது? நியூசிலாந்தில் அதற்கு முன் இருந்த 1978-ஆம் ஆண்டு மசாஜ் நிலையச் சட்டத்தின்படி, அங்கே வேலை செய்த பெண்களின் விவரங்களை நடத்துநர் பதிந்துவைக்க வேண்டும். காவல்துறை அதைப் பார்வையிடலாம். புதிய சட்டம் இதைத் தலைகீழாக்கியது. தொழிலாளர் எங்கும் பதிய வேண்டியதில்லை. பாலியல் தொழில் நடக்கும் விடுதியை நடத்துபவர்தான் மாவட்ட நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றிதழ் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வன்முறை, பாலியல் குற்றம், ஆயுதம், போதைப்பொருள் போன்றவற்றில் கடுமையான தண்டனை பெற்றவருக்குச் சான்றிதழ் கிடையாது. ஜெர்மனி 2017-இல் எதிர்த்திசையில் போய், தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவுசெய்து அட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. 2019 இறுதியில் அந்த நாடு முழுவதற்கும் பதிவானவர்கள் ஏறத்தாழ 40,400 பேர்தான். இத்தொழிலில் இருப்போர் பற்றிச் சொல்லப்படும் எந்த மதிப்பீட்டையும்விட இது மிகக் குறைவு. வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, நாளை வேறு வேலைக்குப் போகும்போது குறுக்கே வருமோ என்று அஞ்சுபவர் அந்த அட்டையை வாங்க மாட்டார். வாங்காதவர் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு வாசலுக்கு வரவும் மாட்டார். ஆகவே பதிவை முதலாளியோடு நிறுத்திவிடுவதே சரி என்பது என் கருத்து.

அடுத்து, ‘விடுதி’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதுங்கள். வரைவுகள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது. மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றொருவர் கூடத்தில் அமர்ந்து, வந்தவரின் வண்டி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்கிறார். இவர்களில் யாரும் யாருக்கும் முதலாளி அல்ல. நியூசிலாந்துச் சட்டம் இத்தகைய இடத்தைத் தனி வகையாகப் பிரித்தது: நான்கு பேருக்கு மிகாமல், அவரவர் வருமானம் அவரவர் கையிலேயே இருந்தால், சான்றிதழ் தேவையில்லை. ஐந்தாவது ஆள் சேர்ந்தாலோ, ஒருவர் மற்றவர்களின் வருமானத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டாலோ தேவை. இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டமோ, இருவர் தங்கள் பரஸ்பர ஆதாயத்துக்காகப் பயன்படுத்தும் அறையையே விடுதி என்கிறது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதே குற்றம் என்றாகும்போது, தனியே போவதுதான் சட்டத்துக்கு உட்பட்ட வழியாக மிஞ்சுகிறது. அதுவே உயிருக்கு அதிக ஆபத்தான வழி.

மறுக்கும் உரிமையை மங்கலான சொற்களில் எழுதக் கூடாது. பணம் வாங்கியிருந்தாலும், ஒப்பந்தம் போட்டிருந்தாலும், எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று நியூசிலாந்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. அதைவிட நுட்பமானது 18-ஆம் பிரிவு: இந்த வேலைக்குப் போக மறுத்தார் என்பதற்காக ஒருவருடைய வேலையின்மை உதவித்தொகையை அரசு நிறுத்த முடியாது. ஒரு தொழிலைச் சட்டபூர்வமாக்கினால், ‘வேலைதான் இருக்கிறதே, போகலாமே’ என்று உதவித்தொகை அலுவலகம் சொல்லும் வாய்ப்பும் உண்டு என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். கட்டாயப்படுத்துவோருக்கு 14 ஆண்டு வரை சிறை. இவை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2014-இல் விடுதி நடத்துநர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு எதிராக வெலிங்டன் தொழிலாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், மனித உரிமைகள் மறுஆய்வுத் தீர்ப்பாயம் 25,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பெல்ஜியச் சட்டம் வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம், அறைதோறும் அபாயப் பொத்தான் என்று இன்னும் முன்னே சென்றிருக்கிறது. ஆயினும் ஆறு மாதத்தில் பத்து முறைக்கு மேல் மறுத்தால் முதலாளியும் அரசின் சமரசத்தை நாடலாம் என்ற விதி அதில் இருக்கிறது. மறுப்புக்குக் கணக்கு வைக்கும் அந்த வரியை நகலெடுக்காதீர்கள்.

உடல்நலப் பிரிவில் கை தானாகவே ‘கட்டாயப் பரிசோதனை’ என்று எழுதப் போகும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சில நோய்களுக்கு வாரந்தோறும், எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் மாதந்தோறும் பரிசோதனை உண்டு. ஆனால் வாடிக்கையாளரை யாரும் பரிசோதிப்பதில்லை. இந்தியாவில் 1868-இலும் நியூசிலாந்தில் 1869-இலும் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்த தொற்றுநோய்ச் சட்டங்களும் பெண்களை மட்டுமே பிடித்துச் சோதித்தன. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசோதனைக்குப் பதிலாகக் கடமையைப் பகிர்ந்தளித்தது: பாதுகாப்பான உறவுக்கு ஏற்பாடு செய்யாத நடத்துநருக்கு 10,000 டாலர் வரை அபராதம், ஆணுறையைத் தவிர்க்கும் தொழிலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் 2,000 டாலர் வரை. ‘எங்களிடம் இருப்பவர்கள் மருத்துவப் பரிசோதனை முடித்தவர்கள், நோய் இல்லாதவர்கள்’ என்று நடத்துநர் சொல்வதும் குற்றம். இத்துடன் ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாத ஆணையில் இதை வலியுறுத்தியிருக்கிறது.

இடம், பெயர்ப்பலகை ஆகியவற்றை உள்ளாட்சிகளிடம் விடலாம், ஆனால் எல்லை வகுத்துவிட்டு. ஒரு மாநகராட்சி பள்ளி, கோயில், குடியிருப்பு என்று தொலைவுகளை அடுக்கிக்கொண்டே போனால் வரைபடத்தில் மிஞ்சுவதற்கு இடமே இருக்காது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், ஆக்லாந்து நகரங்களின் இத்தகைய துணைவிதிகளை நீதிமன்றம் செல்லாதென்றது, ஹாமில்டனுடையதை ஏற்றது. ஆய்வு அதிகாரம் பொதுச் சுகாதார அலுவலரிடம் இருக்கட்டும். காவல்துறை உள்ளே நுழைய வாரண்ட் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் ஏற்பாடு செய்தவருக்கும் வாடிக்கையாளருக்கும் ஏழாண்டு வரை சிறை. அந்தச் சிறாரின் மீது மட்டும் வழக்கு இல்லை.

நியூசிலாந்துச் சட்டத்தில் ஓட்டை 19-ஆம் பிரிவு. தற்காலிக விசாவில் வந்தவர் இத்தொழில் செய்யக் கூடாது என்று அது தடுக்கிறது. ஆள்கடத்தலைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட இந்தப் பிரிவால், அடி வாங்கிய வெளிநாட்டுப் பெண் புகார் கொடுக்கப் போனால் நாடுகடத்தப்படுவோமோ என்று அஞ்ச நேர்கிறது. நீங்கள் எழுதும் வரைவில், புகார் கொடுத்தவர் மீது குடியேற்ற நடவடிக்கை கூடாது என்ற விலக்கையாவது சேருங்கள்.

கடைசியாக, மறுஆய்வுக்குக் காலக்கெடுவையும் குழுவின் அமைப்பையும் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நியூசிலாந்தில் பதினொரு பேர் கொண்ட மறுஆய்வுக் குழுவில் மூவரை, பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்பான நியூசிலாந்து பிராஸ்டிடியூட்ஸ் கலெக்டிவ் பரிந்துரைத்தது. அக்குழு 2008-இல் தந்த அறிக்கை, சட்டம் வந்ததால் தொழிலாளர் எண்ணிக்கை பெருகவில்லை என்று கூறியது.