வெளிநாட்டுக் கட்டணம் என்று முடிவு வந்ததா? முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் உங்களை உள்நாட்டு மாணவராக ஏற்க மறுத்து, அதைவிட அதிகமான வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கேட்டால், உடனே நீண்ட முறையீடு எழுத உட்காராதீர்கள். எந்த விதி நிறைவேறவில்லை என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கி, அந்த ஒன்றுக்கு மட்டும் தேதியுள்ள ஆவணங்களோடு பதில் அனுப்புங்கள்.

குடும்பக் கஷ்டத்தைச் சொல்வதால் இங்கே முடிவு மாறாது; யார் உள்நாட்டுக் கட்டணம் செலுத்தலாம் என்று சொல்லும் இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டுக் கட்டண விதிமுறைகளுக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதே கேள்வி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் போதாது, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டு பிரிட்டனில் வசிப்பும் வேண்டும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்புக்கு அந்தக் கணக்கு செப்டம்பர் 1 முதல் பின்னோக்கிப் போகும். ஆனால் தந்தையோ தாயோ தற்காலிக வேலைக்காக துபாய் சென்றதால் நீங்களும் உடன் போயிருந்தால், அந்தக் காலமும் வசிப்பாகவே எண்ணப்படும். ஆகவே முடிவுத் தேதி குறிப்பிட்ட வேலை ஒப்பந்தம், இங்கிலாந்து வீட்டின் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) ரசீது, விடுமுறைக்குத் திரும்பிய விமான டிக்கெட் ஆகியவற்றைச் சேருங்கள். ஒப்பந்தம்தான் இதில் கனமான சான்று.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது உதவாது. ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு. சேர்ந்த பிறகு பல பல்கலைக்கழகங்கள் கட்டண முடிவை மறுபடி பார்க்கக் கோப்பைத் திறக்கவே மாட்டா. அதனால் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். உள் முறையீடும் தோற்றால், அங்கே சேர்ந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் இறுதிக் கடிதம் வந்த 12 மாதங்களுக்குள், மாணவர் புகார்களை விசாரிக்கும் உயர்கல்விக்கான சுயாதீன நடுவர் அலுவலகத்துக்குக் (OIA) கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.