மூன்று சேர்வர், ஒரே சேமிப்பகம்: குளஸ்டர்எஃப்எஸ் நிறுவுவது எப்படி?

மலையகத்தில் சேர்வர் வைத்திருக்கிறவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் செத்துப்போவது மட்டும் பிரச்சினை இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இடி, மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் எங்கேயோ ஒரு மரம் லைனில் சாய்ந்து ஹட்டன் வரைக்கும் இருட்டு, போன கரண்ட் வந்து ரெண்டு நிமிஷத்தில் திரும்பவும் போகும். இப்படியான இடத்தில் எல்லாத் தரவையும் ஒரே மெஷினில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. மூன்று லினக்ஸ் சேர்வர்களைச் சேர்த்து, ஒன்று விழுந்தாலும் வேலை நிற்காத மாதிரி ஒரே சேமிப்பகமாக மாற்றுவதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். பாவிக்கப்போவது குளஸ்டர்எஃப்எஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள்.

ஏன் செஃப் (இதே வேலையைச் செய்கிற இன்னொரு மென்பொருள்) இல்லை என்று கேட்பீர்கள். செஃப் நல்ல மென்பொருள்தான், பெரிய இடங்களுக்கு அதுதான் சரி. ஆனால் அதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓடுகிற ஓஎஸ்டி என்ற சேவை, எதையும் மாற்றாமல் விட்டால், சுமார் 4 ஜிபி ரேமைக் குறிவைத்து ஓடும், அதற்கு மேல் மொனிட்டர், மேனேஜர் என்று வேறு சேவைகளும் உண்டு. கொழும்பில் வாங்கிய 8 ஜிபி பழைய மெஷின்களை வைத்துப் பழகுகிற ஆளுக்கு அது பாரம். குளஸ்டரில் அப்படி இல்லை, உங்கள் கோப்பு டிஸ்க்கில் கோப்பாகவே கிடக்கும், நாளைக்கு குளஸ்டரே ஓடாமல் போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிக் கோப்பை எடுத்துவிடலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: குளஸ்டர் நிறுவனத்தை 2011இல் ரெட் ஹேட் வாங்கியது, அவர்கள் விற்ற வர்த்தகப் பதிப்புக்கான ஆதரவு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. சமூகப் பதிப்பு இருக்கிறது, ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் போகிறது. பழகுவதற்கும் சின்ன இடங்களுக்கும் தாராளமாகப் போதும், பத்து வருஷத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் மட்டும் யோசியுங்கள்.

இது எல்லா வேலைக்கும் பொருந்தாது. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம், கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா என்று ஜிபி கணக்கில் வீடியோ சேருகிறது. பெரிய பெரிய கோப்புகள், ஒருமுறை எழுதிப் பலமுறை வாசிப்பது. குளஸ்டருக்கு ஏற்ற வேலை. அதே நேரம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் திறந்து மூடுகிற வேலை என்றால் ஆமை வேகம்தான். தோட்டத்துச் செக்ரோல் (வேலைப் பதிவு, சம்பளம்) கணக்கு ஓடுகிற மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைத் தூக்கி இதில் வைக்கவே வைக்காதீர்கள்.

ரெண்டு போதாதா?

போதாது. எல்லோரும் முதலில் ரெண்டு மெஷினில்தான் ஆரம்பிக்கப் பார்ப்பார்கள், காசு மிச்சம் என்று. ரெண்டுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் ஒவ்வொன்றும் தான்தான் உயிரோடு இருப்பதாக நினைத்து எழுதிக்கொண்டே போகும், பிறகு இணைப்பு வந்ததும் ஒரே கோப்புக்கு ரெண்டு வடிவம் இருக்கும். இதற்கு ஸ்பிளிட் பிரெயின் என்று பெயர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் 18 கிலோ, கொழுந்து பறித்த அக்காவின் துண்டில் 21 கிலோ என்று இருந்தால் எது சரி என்று யார் சொல்வது? மூன்றாவதாக ஒருவரும் எழுதியிருந்தால்தான் வழக்குத் தீரும். குளஸ்டர் இன்னும் ஒரு படி முன்னாலேயே தடுத்துவிடுகிறது: மூன்று பிரதி வைத்தால், அதில் ரெண்டு பேராவது கண்ணுக்குத் தெரியாத நிலையில் எழுதவே விடாது. கரண்ட் அடிக்கடி போய் வருகிற ஊரில் இந்த மூன்றாவது மெஷின் ஆடம்பரம் இல்லை.

தேவையானவை

உபுண்டு சேர்வர் 22.04 அல்லது 24.04 போட்ட மூன்று மெஷின். ஒவ்வொன்றிலும் இயங்குதளம் இருக்கிற டிஸ்க் தவிர, தரவுக்கென்று தனியாக இன்னொரு டிஸ்க். மூன்றும் ஒரே அளவாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் சின்ன டிஸ்க்கின் அளவுதான் மொத்த அளவு. ஒரு கிகாபிட் சுவிட்ச். யூபிஎஸ். இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள், மூன்று மெஷினையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு சுவிட்சை மட்டும் சுவரிலேயே விட்டுவிடுவார்கள். கரண்ட் போனதும் மெஷின்கள் எல்லாம் உயிரோடு இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது, மூன்றும் தனித்தனித் தீவாகி எழுதுவது மொத்தமாக நின்றுவிடும். சுவிட்சுக்கு ஆகிற கரண்ட் ஒரு குட்டி பல்புக்கு ஆகிற அளவுதான், அதையும் சேர்த்துக் கொழுவிவிடுங்கள்.

கட்டளைகளை வாசிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள். குளஸ்டர் கட்டளையின் முதல் எழுத்து ஜி, சி போட்டால் அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ போடவேண்டும், ஒவ்வொரு தடவையும் எழுதவில்லை.

முதல் படி: பெயரும் முகவரியும்

மூன்றுக்கும் மாறாத ஐபி கொடுங்கள். ரவுட்டர் கொடுக்கிற முகவரியை நம்பினால் ஒருநாள் கரண்ட் போய் வந்தபிறகு முகவரி மாறி, ஒன்றுக்கு ஒன்று ஆள் தெரியாமல் நிற்கும். பிறகு மூன்று மெஷினிலும் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து இந்த வரிகளைச் சேருங்கள்:

192.168.10.11 மலை1
192.168.10.12 மலை2
192.168.10.13 மலை3

மூன்றிலும் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின்களில் மதர்போர்ட் பட்டரி செத்திருந்தால் கடிகாரம் எங்கேயோ நிற்கும், யோசிக்காமல் புதுசு போடுங்கள்.

ரெண்டாவது படி: டிஸ்க்

ஆறுதலாகச் செய்யவேண்டிய படி இது. முதலில் 'எல்எஸ்பிஎல்கே' அடித்து எது தரவு டிஸ்க் என்று சரியாகப் பாருங்கள், அளவைப் பார்த்தாலே தெரியும். நான் எஸ்டிபி என்று வைத்துக்கொள்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம். அடுத்த கட்டளை அந்த டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும்.

எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்எஃப்எஸ் -ஐ சைஸ்=512 /டெவ்/எஸ்டிபி
எம்கேடிஐஆர் -பி /டேட்டா/பிரிக்1

512 என்பது ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் விவரமும் பதிவாகிற இடம்) அளவு, குளஸ்டர் தன்னுடைய குறிப்புகளை அங்கேதான் எழுதுகிறது. இப்போது வருகிற எக்ஸ்எஃப்எஸ் தானாகவே 512தான் எடுக்கும், இருந்தாலும் எழுதிவிட்டால் சந்தேகமில்லை. அப்புறம் 'பிஎல்கேஐடி' அடித்து டிஸ்க்கின் யூயூஐடியை (அதன் தனி அடையாள எண்) எடுத்து /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் /டேட்டா/பிரிக்1 என்ற இடத்தில் மவுண்ட் ஆகிற மாதிரி (அந்தக் கோப்புறை வழியாக டிஸ்க் திறக்கிற மாதிரி) ஒரு வரி போடுங்கள். டிஃபோல்ட்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கமா போட்டு 'நோஃபெயில்' என்றும் சேருங்கள், இல்லையென்றால் டிஸ்க் பழுதான அன்றைக்கு மெஷின் பூட் ஆகாமல் அவசர நிலையில் நின்று, திரையும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடவேண்டியிருக்கும். 'மவுண்ட் -ஏ' அடித்து மவுண்ட் ஆகிவிட்டதா என்று பார்த்தபிறகு, உள்ளே இன்னொரு கோப்புறை:

எம்கேடிஐஆர் /டேட்டா/பிரிக்1/ஜிவி0

உள்ளே எதற்கு இன்னொன்று? ஒருநாள் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் மெஷின் எழும்பினால் /டேட்டா/பிரிக்1 என்ற வெறும் கோப்புறை மட்டும் இயங்குதள டிஸ்க்கில் இருக்கும், ஜிவி0 இருக்காது. குளஸ்டர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றால் அந்தப் பிரிக்கை (ஒவ்வொரு மெஷினும் சேமிப்பகத்துக்குக் கொடுக்கிற கோப்புறைக்கு குளஸ்டரில் அதுதான் பெயர்) தொடங்காது. இந்த உள் கோப்புறை இல்லாமல் செய்தால், காணாமல் போன டிஸ்க்குக்குப் பதிலாக இயங்குதள டிஸ்க்கில் வீடியோக்களைக் கொட்டி நிரப்புகிற ஆபத்து உண்டு.

மூன்றாவது படி: நிறுவுவது

இதுதான் இருப்பதிலேயே சின்ன வேலை. மூன்று மெஷினிலும்:

ஆப்ட் அப்டேட்
ஆப்ட் இன்ஸ்டால் குளஸ்டர்எஃப்எஸ்-சர்வர்
சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் குளஸ்டர்டி

பொதி கிடைக்கவில்லை என்றால் உபுண்டுவின் யூனிவர்ஸ் களஞ்சியம் நிறுத்தப்பட்டிருக்கும், அதை இயக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஃபயர்வால் ஓடுகிறது என்றால் 24007ஆம் போர்ட்டும், பிரிக்குகளுக்காக 49152 தொடங்கி மேலே உள்ள போர்ட்டுகளும் திறந்திருக்கவேண்டும். சின்ன இடம்தானே, உள் வலையமைப்புக்கு மட்டும் வழி விட்டால் போதும்:

யூஎஃப்டபிள்யூ அலவ் ஃபிரம் 192.168.10.0/24

மெஷின் ஒன்றில் எல்லாம் நிறுவி அதை அப்படியே குளோன் பண்ணி மற்ற ரெண்டையும் எடுக்க நினைக்கிறவர்கள் கவனம். குளஸ்டர் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு அடையாள எண்ணை /வார்/லிப்/குளஸ்டர்டி/குளஸ்டர்டி.இன்ஃபோ என்ற கோப்பில் எழுதி வைக்கும். குளோன் பண்ணினால் மூன்றுக்கும் ஒரே எண், அடுத்த படியில் சேரவே சேராது. சேவையை நிறுத்தி, குளோன்களில் அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்கினால் புது எண் எடுத்துக்கொள்ளும்.

நான்காவது படி: சேர்ப்பது

மலை1 மெஷினில் மட்டும் உட்கார்ந்து:

குளஸ்டர் பியர் புரோப் மலை2
குளஸ்டர் பியர் புரோப் மலை3

ரெண்டுக்கும் சக்சஸ் என்று வரவேண்டும். பிறகு மலை2இல் இருந்து ஒருதடவை மலை1ஐயும் இதே மாதிரிக் கூப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சிலவேளை அதன் பெயருக்குப் பதிலாக ஐபி மட்டும் பதிவாகிக் கிடக்கும். 'குளஸ்டர் பியர் ஸ்டேட்டஸ்' அடித்தால் மற்ற ரெண்டும் கனெக்டட் என்று தெரியும். இனி வால்யூம், அதாவது மூன்று பிரிக்கும் சேர்ந்த ஒரே சேமிப்பகம், ஒரே வரியாகத் தட்டுங்கள்:

குளஸ்டர் வால்யூம் கிரியேட் ஜிவி0 ரெப்ளிகா 3 மலை1:/டேட்டா/பிரிக்1/ஜிவி0 மலை2:/டேட்டா/பிரிக்1/ஜிவி0 மலை3:/டேட்டா/பிரிக்1/ஜிவி0
குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட் ஜிவி0

இங்கே பிழை காட்டி, கடைசியில் ஃபோர்ஸ் என்று சேர்க்கச் சொன்னால் உடனே சேர்த்துவிடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் பிரிக் இயங்குதள டிஸ்க்கில் விழுந்திருக்கும், அதைத்தான் அது சொல்கிறது. ரெண்டாவது படிக்குப் போய்ச் சரிபாருங்கள்.

மூன்றாவது பெரிய டிஸ்க் வாங்கக் கையில் காசில்லை என்றால் ஆர்பிட்டர் என்று ஒரு வழி இருக்கிறது. 'ரெப்ளிகா 3' என்ற இடத்தில் 'ரெப்ளிகா 2 ஆர்பிட்டர் 1' என்று போட்டால், கட்டளையில் கடைசியாகப் பெயர் வருகிற மெஷின் கோப்புகளின் பெயரையும் விவரத்தையும் மட்டும் வைத்திருக்கும், உள்ளடக்கத்தை வைக்காது. சின்ன எஸ்எஸ்டி போதும். வழக்குத் தீர்க்க ஆள் இருக்கும், ஆனால் உண்மையான பிரதி ரெண்டுதான்.

ஐந்தாவது படி: பாவிப்பது

கோப்புகளை /டேட்டா/பிரிக்1 உள்ளே நேரடியாகப் போடக்கூடாது. அது குளஸ்டரின் சொந்த இடம், பின்கதவால் போட்ட கோப்பு மற்ற மெஷின்களுக்குப் போகாது. சேமிப்பகத்தை முறையாக மவுண்ட் பண்ணித்தான் பாவிக்கவேண்டும்:

எம்கேடிஐஆர் /ஸ்டூடியோ
மவுண்ட் -டி குளஸ்டர்எஃப்எஸ் மலை1:/ஜிவி0 /ஸ்டூடியோ

மலை1 என்று எழுதியதால் எல்லாம் அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தமில்லை. வால்யூமின் விவரத்தை வாங்குவதற்கு மட்டும்தான் அது, பிறகு கிளையண்ட் (சேமிப்பகத்தை மவுண்ட் பண்ணிப் பாவிக்கிற மெஷின்) மூன்றோடும் நேரடியாகக் கதைக்கும். ஆனால் மவுண்ட் பண்ணுகிற அந்த நேரம் மலை1 விழுந்திருந்தால் சிக்கல், அதனால் எஃப்எஸ்டேப் வரியில் '_நெட்டெவ்' உடன் 'பேக்கப்-வோல்ஃபைல்-சர்வர்ஸ்=மலை2:மலை3' என்றும் சேருங்கள்.

வேகம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். கிளையண்ட் ஒரு கோப்பை எழுதும்போது மூன்று மெஷினுக்கும் தானே அனுப்புகிறது, கிகாபிட் கேபிளில் வினாடிக்கு 110 எம்பி அளவு போகும் என்றால் அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், 35 எம்பி சொச்சம். வாசிக்கும்போது இந்தப் பிரச்சினை இல்லை. எடிட்டிங் மெஷின்கள் விண்டோஸ் என்றால் /ஸ்டூடியோவை சம்பா என்ற மென்பொருள் மூலம் பகிரலாம், அது தனிக் கதை.

இனி சோதனை. ஒரு பெரிய வீடியோவைக் கொப்பி பண்ணத் தொடங்கிவிட்டு, மலை3இன் நெட்வேர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கொப்பி அப்படியே உறைந்து நிற்கும், பயப்படவேண்டாம். பதில் வராத மெஷினுக்காக குளஸ்டர் 42 வினாடி காத்திருக்கும், அதற்குப் பிறகு மற்ற ரெண்டோடு வேலை தானாகத் தொடரும். இந்த 42ஐ 5 ஆக்கினால் என்ன என்று தோன்றும். ஆக்காதீர்கள், சின்னத் தடங்கலுக்கெல்லாம் மெஷினை வெட்டிவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டே இருந்தால் அந்த வேலையே பெரிய பாரமாகிவிடும். கொப்பி முடிந்ததும் கேபிளை மாட்டிவிட்டு:

குளஸ்டர் வால்யூம் ஹீல் ஜிவி0 இன்ஃபோ

மலை3 இல்லாத நேரம் எழுதிய கோப்புகளின் பட்டியல் வரும். கொஞ்ச நேரத்தில் குறைந்து மூன்று பிரிக்குக்கும் எண்ணிக்கை 0 ஆகிவிடும், தானாகவே சுகமாகிறது. சும்மா இருக்கும்போதும் 10 நிமிஷத்துக்கு ஒருதடவை அது தேடிப் பார்க்கும். அப்டேட் போட்டு ஒவ்வொன்றாக ரீபூட் பண்ணும்போது இதே கட்டளைதான் முக்கியம்: ஒன்று எழும்பிவந்து எண்ணிக்கை 0 ஆகும்வரை அடுத்த மெஷினைத் தொடவேண்டாம்.

மூன்றில் ஒன்றைப் பதுளையில் இருக்கிற கிளையில் வைக்கலாமா என்ற கேள்வியும் வரும். இந்த முறையில் வைக்காதீர்கள், ஒவ்வொரு தடவை எழுதும்போதும் மூன்று மெஷினின் பதிலுக்கும் காத்திருக்கவேண்டும், இன்டர்நெட் வழியாகப் போனால் ஸ்டூடியோவில் ஒரு கோப்புறை திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். தூர இடத்துக்கு ஜியோ ரெப்ளிகேஷன் என்று வேறு வசதி இருக்கிறது, அது பின்னாலேயே ஆறுதலாக அனுப்பும். அதுவரைக்கும் வாரம் ஒருதடவை வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் யாராவது /ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தை அழித்தால் மூன்று மெஷினிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.