வாத்துக்குஞ்சு ஆணா, பெண்ணா? கத்தவிட்டுக் கேளுங்கள்

மலேசியாவின் நிபோங் திபாலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பவை வெள்ளை பெக்கின் வாத்துகள். நிறத்தை வைத்து இவற்றில் ஆண் பெண் சொல்ல முடியாது. குரல்தான் கைகொடுக்கும்.

சின்னதில் எல்லாமே கீச்சுக் கீச்சுதான், அவசரப்படாதீர்கள். 6 வாரம் தாண்டியதும் குரல் மாறத் தொடங்கும். அப்போது ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைவிட்டுத் தள்ளி வாருங்கள். காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், இறக்கையோடு சேர்த்து அணைத்து, வயிற்றுக்கடியில் கை கொடுங்கள். பயத்தில் அது கத்தும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ‘குவாக்’ என்றால் பெண். தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரவென்று மெல்ல இழுத்தால் ஆண். உடனே காலில் வண்ண வளையம் மாட்டிவிடுங்கள், கால் பருக்கப் பருக்க வளையத்தைத் தளர்த்தவும் வேண்டும்.

அப்புறம், 3, 4 மாதத்தில் ஆணின் வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு வரும். இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் பெண் என்று முடிவு கட்டாதீர்கள்; இறகு உதிரும் காலத்தில் சுருளும் உதிரும், வீட்டுப் பொடிசுகள் பிடுங்கியும் இருக்கலாம்.

மஸ்கோவி என்ற வேறு வகை வாத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. சுருள் வராது, ஆண் ‘ஸ்ஸ்’ என்று சீறும், பெண்ணைவிட மிகப் பெரிதாக வளரும்.

ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மீதி ஆண்கள் எங்கள் வீட்டில் தீபாவளிக் குழம்புக்கு.