சக்கர நாற்காலியும் சின்னப் பிள்ளைகளுமாக ஏற்காடு: திட்டம் எங்கே சறுக்குகிறது

சேலத்தில் வீடு இருந்தால் கோடை விடுமுறையில் சொந்தக்காரர்களின் போன் தப்பாது. "ரெண்டு நாள் வர்றோம், ஏற்காட்டுல என்னென்ன பாக்கலாம்?" யார் யார் வருகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால்தான் தெரியும், கைக்குழந்தை ஒன்று, நாலு வயதுப் பையன் ஒருவன், முட்டி தேய்ந்து சக்கர நாற்காலிக்கு மாறிவிட்ட பெரியம்மா. முதல் தவறு "என்னென்ன பாக்கலாம்" என்ற அந்தக் கேள்விதான். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிவிட்டு அதற்குள் பெரியம்மாவை எப்படி நுழைப்பது என்று அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பெரியம்மாவால் ஒரே இருப்பாக எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டும், குழந்தை எப்போது தூங்கும், இதை முதலில் எழுதுங்கள். மிச்ச நேரத்தில் எது அடங்குகிறதோ அதுதான் டூர். பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு இடம் வரும், அது போதும்.

சென்னைக்காரர்கள் பேரைப் பார்த்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடுவார்கள். அது சேலம் வழியாக ஈரோடு போகிற ராத்திரி வண்டி, சேலம் வரும்போது விடிந்திருக்காது. தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி நிற்கும் சில நிமிடங்களில் நாற்காலியையும் பெட்டிகளையும் இறக்கி, லாட்ஜுக்குப் போனால் "பன்னெண்டு மணிக்குத்தான் சார் ரூம்" என்பார்கள். முந்தின நாள் வாடகையும் சேர்த்துக் கொடுத்து ரூமைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் காலையில் கிளம்பி மதியத்துக்கு முன் சேலம் வரும் கோவை எக்ஸ்பிரஸ் மாதிரி பகல் வண்டியில் வாருங்கள். யார் குழந்தையைத் தூக்குவது, யார் நாற்காலியை இறக்குவது என்று ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் சலுகை துணைக்கு வருபவருக்கும் கிடைக்கும், ஆனால் அதற்கு மருத்துவச் சான்றும் அட்டையும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். வயதை மட்டும் வைத்துக் கொடுத்துவந்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டாக்ஸி பேசும்போது எத்தனை சீட் என்று மட்டும் கேட்பது அடுத்த தவறு. டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சிஎன்ஜி வண்டியாக இருந்தால் பாதி டிக்கியைச் சிலிண்டரே அடைத்துக்கொள்ளும், மடக்கிய நாற்காலி உள்ளே போகாது, அதை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற முடியாது. பஸ்ஸில் போகலாமே என்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: படி உயரம், கூட்டம், வளைவில் கம்பியைப் பிடிக்கும் தெம்பு, மூன்றும் பெரியம்மாவுக்கு எதிராகத்தான் இருக்கும்.

சரி, மலைப்பாதை. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம், அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்துவிடும். மலை ஏறும் முன் பிள்ளைக்கு வயிறு நிறைய நெய் ரோஸ்ட்டும் பாலும் கொடுத்து, அழாமல் இருக்க செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் ஐந்தாவது வளைவில் வாந்தி நிச்சயம். லேசாக இட்லி, ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்வது, கைக்கெட்டும் தூரத்தில் பிளாஸ்டிக் கவர், மாற்றுச் சட்டை. வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு அளவோடு வாங்கி வாருங்கள், அடிவாரத்து மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். கைக்குழந்தைக்குக் காது அடைத்தால் அழும், ஏறும்போது பால் குடித்துக்கொண்டிருந்தால், விழுங்க விழுங்க அடைப்பு விட்டுவிடும்.

பெரியவர்களை மறந்துவிடுகிறோம். இடுப்பில் பலம் இல்லாதவர்கள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சரிவார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவும் மாட்டார்கள். சீட் பெல்ட்டோடு இரண்டு பக்கமும் தலையணை வைத்து அணைகட்டிவிடுங்கள், டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது ரூம். பாதி டூர் கெடுவது இங்கேதான். "வீல்சேர் போகுமா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் "போகும் சார்" என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்வதாகக்கூட இல்லை, வாசலைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள், பாத்ரூமை அல்ல. சாதாரண நாற்காலி ஒன்று ஏறக்குறைய இரண்டடிக்கு மேல் அகலம் இருக்கும், நம் ஊர் லாட்ஜ் பாத்ரூம் கதவுகள் பலவும் இரண்டடி, இரண்டேகால் அடிதான். உங்கள் நாற்காலியை, சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கை வளையத்தோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள், அப்புறம் அவர்களிடம் டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் நல்லது வீடியோ கால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து டாய்லெட் வரை நடந்து காட்டச் சொல்லலாம். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். மாட்டேன் என்பவரிடம் ரூம் போட வேண்டாம்.

மலையில் "கிரவுண்ட் ஃப்ளோர்" என்ற பேச்சையும் நம்பக் கூடாது. சரிவில் கட்டிய கட்டடம், ரோட்டிலிருந்து பத்துப் படி கீழே இறங்கினாலும் அது கிரவுண்ட் ஃப்ளோர்தான். படி இருக்கிறதா என்று கேட்காமல் எத்தனை படி என்று கேளுங்கள். சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தையும் கேளுங்கள், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம் வேண்டும், பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தால் அது ஆளைக் கவிழ்த்துவிடும். நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி ஒன்றைக் கூடவே எடுத்துவந்தால் பாதிக் கவலை தீரும்.

என் கருத்து, மலைமேல் தங்கியே ஆக வேண்டும் என்ற பிடிவாதமே வேண்டாம். சேலத்தில் லிஃப்ட் உள்ள ஓட்டலில் தங்கி ஒரு நாள் மட்டும் மேலே போய் வாருங்கள், பெரிய மருத்துவமனைகளும் கீழேதான் இருக்கின்றன. ராத்திரிக் குளிர் கிடைக்காது, கதவைத் திறந்தால் மூடுபனி நிற்பது கிடைக்காது, அது நஷ்டம்தான்.

மேலே போனால் எங்கே? கிளியூர் அருவியை விட்டுவிடுங்கள், செங்குத்தாக இறங்கி அதே வழியில் ஏற வேண்டும், மழை இல்லாத மாதங்களில் தண்ணீரும் பேருக்குத்தான் இருக்கும். சேர்வராயன் கோயில் ஒரு குகை, குனிந்து குறுகி உள்ளே போக வேண்டும், நாற்காலிக்கு வழியில்லை. ஆனால் கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகும், அந்த மேட்டுப் புல்வெளியில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம், பிள்ளைகள் ஓடட்டும். காற்று ஆளைத் தள்ளும், குல்லாவும் ஸ்வெட்டரும் மே மாதமானாலும் வேண்டும். ஏரியில் படகு என்று ஆசைப்படுவார்கள், ஆடுகிற படகுக்குள் ஆளைத் தூக்கி இறக்குவதைவிடக் கரையோரம் உட்கார்ந்து பார்ப்பதே மேல், பக்கத்திலேயே அண்ணா பூங்கா இருக்கிறது. குரங்கு இருக்கும் இடத்தில் பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுக்காதீர்கள். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா உண்டு, சின்னதுதான், நாலு வயதுக்கு மானும் முதலையும் போதும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கேட்டுக்கொண்டு போங்கள்.

கோடை விழா நடக்கும் நாட்களை மட்டும் தவிருங்கள். மலர்க் கண்காட்சி அழகுதான், ஆனால் வண்டிகள் ஊர்ந்து போகும், ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று மாற்றி விடுவதும் உண்டு, நடுவழியில் நின்றால் பாத்ரூமுக்கு எங்கே போவீர்கள்? மழை, பனி மாதங்களில் இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு ஒன்று இருக்கிறது, யாரும் அதைத் தவறாகவே நினைப்பதில்லை. "பெரியம்மா கார்லயே இருக்கட்டும், பத்து நிமிஷத்துல வந்துர்றோம்." பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகும், லேடிஸ் சீட், பகோடா பாயின்ட் என்ற காட்சி முனைகளிலும் இதையே செய்வார்கள், கடைசியில் அந்த அம்மா ஏற்காட்டில் பார்த்தது பார்க்கிங் மட்டுமாக இருக்கும். பிரிந்து போவதில் தப்பில்லை, ஒருவர் பிள்ளைகளோடு போகட்டும், இன்னொருவர் பெரியம்மாவோடு நல்ல இடமாகப் பார்த்து உட்காரட்டும், அடுத்த இடத்தில் ஆள் மாறிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், டிக்கெட் போடும்போதே அவரிடம் எங்கே போக ஆசை என்று கேளுங்கள். ஏற்காடே வேண்டாம், சேலத்திலேயே கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால் போதும் என்று சொன்னாலும் சொல்வார். அப்படியென்றால் ஆடி மாதம் வேண்டாம், பண்டிகைக் கூட்டத்தில் அங்கே நாற்காலியைத் திருப்பக்கூட இடம் இருக்காது.