மகளின் பேச்சுத் தாமதம்: கஞ்சிக்கோட்டில் எங்கள் அனுபவம்

ஆலை வேலைக்காக உடுமலையிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டுக்குக் குடிபெயர்ந்த எங்கள் வீட்டில் தமிழும், அங்கன்வாடியிலும் அக்கம்பக்கத்திலும் மலையாளமும் புழங்க, மகள் இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. தமிழை நிறுத்திவிடச் சொல்லாத உறவினரே இல்லை. இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் உறுதியாகக் கூறினார்.

முதலில் செவித்திறனைச் சோதித்தோம், குறையில்லை. பிறகு அவள் சொல்லும் 'பால்', 'வா', 'பூச்ச' (மலையாளத்தில் பூனை), 'வெள்ளம்' (மலையாளத்தில் தண்ணீர்) என எல்லாவற்றையும் இரு மொழிக்கும் சேர்த்தே எழுதினோம். இந்த வயதில் எதிர்பார்க்கப்படும் 50 சொற்களுக்கு அது வெகுதொலைவில் இருந்ததால் பயிற்சியைத் தொடங்கினோம்.

கைபேசிக் காணொலிகளை நிறுத்தியதில் மாமியாருக்குத்தான் வருத்தம் அதிகம். எனினும், பெரிதும் பலன் தந்தது காத்திருத்தல்தான் என்பது என் கணிப்பு. தோசையைக் கைகாட்டினால் உடனே தராமல், அவள் கண்மட்டத்தில் அமர்ந்து, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை முகம் பார்த்திருப்பேன். 'தோ' என்றதும், உச்சரிப்பைத் திருத்தாமல், 'சூடான தோசை' என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக் கொடுப்பேன். மூன்று வயதை நெருங்கும்போது 'அம்மா வா', 'பூச்ச போயி' என்று சொற்கள் இணைந்தன. பயிற்சி இன்னும் தொடர்கிறது.

செலவுக்கு அஞ்சுவோர், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்தை அணுகலாம்.