‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லாமல் இருக்க: ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மருந்தை உங்கள் மருந்துக் கடையில் தரத் தொடங்குவது எப்படி

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீளத் தரும் மருந்து புப்ரெனார்ஃபின். முதன்முதலில் அதற்கான மருத்துவர் சீட்டு ஒன்று என் கைக்கு வந்த அன்று நான் பொய் சொன்னேன். பூட்டிய அலமாரியில் இரண்டு பெட்டி இருந்தது. எதிரே நின்ற பையனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். முழங்கை வரை மயிர் சிலிர்த்திருந்தது. பயந்துவிட்டேன். "ஸ்டாக் இல்லை" என்றேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாளில் ஏற்கனவே ஏகப்பட்ட மடிப்புத் தடம். எத்தனை கடை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தானோ.

அவனிடம் நான் பார்த்தது எல்லாம் போதை விட்டுப்போகும்போது வரும் விலகல் அறிகுறிகள். மருந்து தொடங்கச் சரியான நேரத்தில்தான் வந்திருந்தான். அதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதம் ஆனது. நீங்கள் அந்த மாதங்களை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, சட்டம். நாட்டுக்கு நாடு இது மாறும். இதே சிகிச்சைக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோனை பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் மருத்துவர் சீட்டோடு சாதாரண மருந்துக் கடையிலேயே வாங்கலாம். அமெரிக்காவில் அடிமைத்தன சிகிச்சைக்கு என்றால் அதற்கென்று உள்ள மையங்கள்தான் தருகின்றன. புப்ரெனார்ஃபின் எழுத அங்கே மருத்துவர்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் ஊர் விதியை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட உதவும்.

அடுத்தது கடை முதலாளி. "நம்ம கடைக்கு எதுக்கு இந்த வம்பு?" என்பார். நான் இரண்டு கணக்கைச் சொன்னேன். பிரான்சில் 1995-இல் பொது மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதலாம், தெருவோர மருந்துக் கடைகளே தரலாம் என்று திறந்துவிட்டார்கள். 1999-க்குள் ஓபியாய்டு அளவு மீறிய மரணங்கள் 79 சதவீதம் குறைந்தன. இரண்டாவது, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. புப்ரெனார்ஃபின் தொடங்கி நிலைப்பட்ட நோயாளிகளில் 28 பேரை மருந்துக் கடைக்கும் 30 பேரை வழக்கமான கிளினிக் வழிக்கும் விட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கடைப் பக்கம் 25 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். அந்தப் பக்கம் 5 பேர். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, பதிவேடு பொறுப்பு உன்னுது" என்றார்.

ஸ்டாக் விஷயத்தில்தான் பெரும்பாலான கடைகள் சறுக்கும். நாளுக்கு 16 மில்லிகிராம் என்பது பலருக்கும் வந்து நிற்கும் அளவு. 8 மில்லிகிராம் மாத்திரையானால் ஒருவருக்கு வாரம் 14. மருத்துவரிடம் எத்தனை பேரை அனுப்பப்போகிறார் என்று முன்பே கேட்டு, விடுமுறை நாட்களையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். கட்டுப்பாட்டு மருந்தின் ஆர்டர் திடீரென்று கூடினால் மொத்த விற்பனையாளர் சந்தேகப்பட்டு நிறுத்திவைப்பது உண்டு. காரணத்தை முதலிலேயே கடிதமாகக் கொடுத்துவிட்டால் அந்தத் தலைவலி குறையும். எண்ணுவது எப்போதும் இரண்டு பேர்.

மருத்துவரிடம் மூன்று கேள்விக்கு முன்கூட்டியே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? நோயாளி வராத நாளுக்கு என்ன செய்வது? வீட்டுக்கு எத்தனை நாள் மருந்து கொடுத்தனுப்பலாம்? இந்த மூன்றும் தெரியாமல் நான் தொடங்கிய முதல் வாரம் போனும் கையுமாகவே கழிந்தது.

இனி முதல் டோஸ். இதை அவசரமில்லாமல் விளக்க வேண்டும். புப்ரெனார்ஃபின் மூளையில் இடம் பிடிப்பதில் கெட்டிக்காரன், வேலை செய்வதில் பாதி ஆள். ஹெராயின் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது இது உள்ளே போனால் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். ஆனால் அதன் வேலையில் பாதியைத்தான் செய்யும். ஒரே அடியாக விலகல் அறிகுறிகள் பாய்ந்துவிடும். ஒருமுறை அந்த அவதி பட்டவர் இந்த மருந்தின் பக்கமே திரும்பமாட்டார். அதனால் ஹெராயின் போன்றவற்றை நிறுத்தி 12 முதல் 24 மணி நேரம், மெத்தடோன் எடுத்தவரானால் அதற்கும் மேல், காத்திருக்கச் சொல்வது வழக்கம். கொட்டாவி, சிலிர்ப்பு, வயிற்றுப் பிசைவு எல்லாம் நன்றாகத் தெரிந்த பிறகு 2 அல்லது 4 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தெருவில் கிடைப்பது ஹெராயினைவிட வீரியமான ஓபியாய்டான ஃபென்டனில் என்றால் கணக்கு இன்னும் சிக்கல். அதை மருத்துவரிடமே விடுங்கள்.

மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி வீண். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். நான் முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து வாயை நனைக்கச் சொல்வேன், உலர்ந்த வாயில் கரையவே கரையாது. கரையும்வரை பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினால் எச்சில் ஊறும், விழுங்கிவிடுவார்கள். இதைத் தெரியாமல் ஒரு பெரியவரிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்து நானே ஒரு டோஸைக் கெடுத்திருக்கிறேன். கரைந்த பிறகு தண்ணீர் விட்டு வாயைச் சுழற்றி விழுங்கட்டும். பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும். இந்த மருந்தால் பல் கெடுகிறது என்று 2022-இல் எச்சரிக்கையே வந்தது.

முன்னால் நின்று சாப்பிடவைக்கச் சொல்லி சீட்டில் இருந்தால், ஒரு நாற்காலியைக் கவுண்டரின் பக்கவாட்டில், வரிசையின் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள். "வாயைத் திற" என்று அதட்டாதீர்கள். "கரைஞ்சிடுச்சா, பார்க்கலாமா?" போதும். மருந்தின் பெயரை உரக்கச் சொல்லாதீர்கள். வரிசையில் அவர் முறை வந்ததும் கொடுங்கள். மற்றவர்களை முதலில் அனுப்பிவிட்டு அவரை ஓரமாக நிற்கவைப்பது எங்கள் கடையிலேயே நடந்தது. செய்தவரிடம் கேட்டேன், பழக்கதோஷம் என்றார்.

மெத்தடோன் வேறு ரகம். திரவம், முழு வேலை செய்யும் ஆள். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து அதிகம், உடலில் சேர்ந்துகொண்டே போகும். தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்குப் பழைய அளவை அப்படியே கொடுக்காதீர்கள். தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். மருத்துவரிடம் பேசிவிட்டே மறு டோஸ். தள்ளாடிக்கொண்டு வந்தாலும், குடித்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். தூக்க மாத்திரை வாங்குகிறாரா என்றும் பாருங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பூட்டுள்ள பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவரின் ஒரு நாள் அளவு ஒரு குழந்தையைக் கொன்றுவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன் சேர்த்துக் கொடுங்கள், கூட வருபவருக்கும் காட்டிக்கொடுங்கள். மூச்சு நின்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு மூக்கில் நலோக்ஸோன் ஸ்ப்ரே ஒன்று, இரண்டு மூன்று நிமிடம் செயற்கை மூச்சு, அசைவில்லை என்றால் இன்னொன்று. எழுந்துவிட்டாலும் தனியே விடக்கூடாது. நலோக்ஸோனின் பலம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கும், உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதற்குமேலும் நிற்கலாம்.

கடைசியாக, உண்மையிலேயே ஸ்டாக் தீர்ந்துபோகும் நாள். வரத்தான் செய்யும். சட்டம் இடம் கொடுத்தால் இருப்பதைக் கொடுத்து மீதியை நாளை என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லையானால் அவர் நிற்கும்போதே பக்கத்துக் கடைகளுக்கு நீங்களே போன் போடுங்கள். "இருக்கா?" என்று மட்டும் கேட்டு வைக்காமல், "எடுத்து வைங்க, இவர் இப்போ கிளம்புறார்" என்று சொல்லுங்கள். கடையின் பெயரையும் பேசியவரின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுங்கள்.