லைனில் நடக்கும் தப்பு முதலில் உங்கள் காதுக்கு வரவேண்டும்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தையல் லைன் பார்க்கிறேன். நேற்றுவரை டைலராக இருந்து, "நாளைக்கு இருந்து நீங்கதான் சூப்பர்வைசர்" என்று மேனேஜர் சொன்னதும் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். மெஷின் உங்களுக்குத் தெரியும். இனிப் பழக வேண்டியது ஒன்றுதான்: லைனில் எது தப்பாகப் போனாலும் அது முதலில் உங்களிடம் வரவேண்டும். பையரின், அதாவது நம்மிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியின், இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்த பிறகு உங்களுக்குத் தெரிகிறது என்றால், லைன் உங்கள் கையில் இல்லை என்று அர்த்தம்.

எட்டரைக்கு ஷிப்ட் என்றால் எட்டேகாலுக்கே வந்துவிடுங்கள். முதல் ஓவர்லாக் மெஷினிலிருந்து செக்கிங் டேபிள் வரைக்கும் ஒரு நடை நடங்கள். அப்போது புரொடக்‌ஷன் பேச்சே எடுக்க வேண்டாம். யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது, யாருடைய டியூப்லைட் மினுக்குகிறது, இவ்வளவுதான் பாருங்கள். "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகளை "ஏ, இந்தி" என்று கூப்பிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பொறுக்காது. பேரைக் கேட்டுச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். கூடவே சூயி என்றால் ஊசி, தாகா என்றால் நூல், கராப் என்றால் கெட்டுப்போனது என்று நாலு வார்த்தை தெரிந்துகொள்ளுங்கள். அவன் வந்து சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டுமே.

இதில் பெரிய பரீட்சை, ஊசி உடைவது. உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டின பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது விதி. குழந்தைகள் துணி என்றால் சொல்லவே வேண்டாம். போன சீசனில் பாப்பா பிராக் ஓடிக்கொண்டிருந்தது. புதுசாகச் சேர்ந்த ஒரு பொண்ணு கையைத் தூக்கினாள். ஊசி உடைந்திருந்தது, முனை மட்டும் கிடைக்கவில்லை. அன்றைக்கு டார்கெட் ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. ஆனாலும் நான் முதலில் சொன்னது, "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு, பதறாதே." அவள் மெஷினை நிறுத்தி, அவள் தைத்துக்கொண்டிருந்த பீஸ் கட்டு முழுவதையும் தனியே எடுத்து வைத்து, காந்தத்தைக் கொண்டு டேபிளிலும் தரையிலும் தேடினோம். கடைசியில் பிராக்கின் கீழ் மடிப்புக்குள் அரிசி நொய் அளவுக்கு அந்த முனை இருந்தது. அந்த நேரத்தில் நான் சத்தம் போட்டிருந்தால், அவளும் அவள் பக்கத்தில் இருக்கிறவர்களும் அடுத்த முறை துண்டைக் காலால் தள்ளிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பார்கள். ஆகவே தப்பைச் சொல்ல யார் வந்தாலும், முதல் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கட்டும். என்ன, எப்படி என்ற கேள்வியெல்லாம் அதற்கப்புறம்.

டேமேஜுக்கும் இதே கணக்குத்தான். ஏக்யூஎல் என்பது ஒரு லாட்டில் எத்தனை டிஃபெக்ட் வரைக்கும் ஏற்கலாம் என்கிற அளவு. ஏக்யூஎல் 2.5-ல் பார்க்கிற பையர், 3,000 பீஸ் லாட்டில் வழக்கமாக 125 பீஸை உருவி எடுப்பார். மேஜர் டிஃபெக்ட், அதாவது பெரிய குறை, 7 வரைக்கும் பாஸ், எட்டாவது வந்தால் லாட்டே ஃபெயில். முனை மழுங்கின ஊசியால் துணியில் ஓட்டை விழுகிறது என்று காலை பத்து மணிக்கு டைலர் சொன்னால், ஊசி மாற்றுவதோடு முடிந்துவிடும்.

மணிக்கு ஒருமுறை போர்டில் பீஸ் எழுதும்போது, எண்ணிக்கை குறைந்திருந்தால் "ஏன் குறையுது?" என்று கேட்காதீர்கள். "எங்கே நிக்குது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்கு வரும், இரண்டாவது கேள்விக்கு இடம் தெரியும். பேட்லாக் மெஷினில் கட்டு குவிந்து கிடந்தால் நீங்களே உட்கார்ந்து கொஞ்ச நேரம் தையுங்கள்.

திட்டியே ஆகவேண்டும் என்றால் லைனுக்கு நடுவே வேண்டாம். நாலு பேர் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடத்துக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெண்களைக் கதவு சாத்திய ரூமுக்கு ஒருபோதும் தனியாகக் கூப்பிடக் கூடாது.

ஓவர்டைம் விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம். இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் என்று தெரிந்த உடனே, எப்படியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, சொல்லிவிடுங்கள். நாலு மணி டீ நேரத்தில் சொன்னால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையை யார் பார்ப்பது, எந்த வேனில் வீட்டுக்குப் போவது என்று அந்தத் தாய் தவித்துப் போவாள். கை தைக்கும், மனசு வீட்டில் இருக்கும். ஏன் நிற்க வேண்டியிருக்கிறது என்ற காரணத்தையும் சொல்லுங்கள்: துணி டையிங்கிலிருந்து லேட்டா, கண்டெய்னர் தேதி நெருங்கிவிட்டதா என்று. முடியாது என்பவரிடம் முகம் காட்டக் கூடாது. நின்றவர்களுக்கு இரட்டிப்புச் சம்பளம் சனிக்கிழமைக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஆபீஸில் போய் நீங்களே பாருங்கள். அதை அவர்கள் உங்களைக் கேட்கிற மாதிரி வைக்காதீர்கள்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். ஃபேன் ஓடவில்லை, ஸ்டூல் ஆடுகிறது, தங்கச்சி கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வேண்டும் என்று யார் எதைச் சொன்னாலும் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். சாயங்காலம் கிளம்பும் முன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிடுங்கள். ஆபீஸில் முடியாது என்றுவிட்டால் அதையும் அன்றைக்கே, நேரில் போய்ச் சொல்லுங்கள். பதில் கிடைக்காத வரியை மறுநாள் பக்கத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.